தனிப்பட்ட விவகாரம்

சீனாவுக்குச் செல்லும் அயல்நாட்டாருக்கான விசாக்களை எழுத்துகளால் பிரித்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு இசட். படிக்கப் போகிறவருக்கு எக்ஸ். அங்கே ஏற்கெனவே வேலையிலோ படிப்பிலோ இருக்கும் அயல்நாட்டாரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் எஸ். ‘தனிப்பட்டது’ என்று பொருள்படும் சீனச் சொல்லின் முதல் ஒலி அது. 180 நாளுக்கு மேல் தங்குவதென்றால் எஸ்1. போய் இறங்கிய 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அனுமதியின் வகைப்பெயர் ‘தனிப்பட்ட விவகாரம்’. அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது.

சட்டத்தில் ‘துணை’ என்றுதான் இருக்கிறது, ‘மனைவி’ என்று இல்லை. ஆனால் வேலை கிடைத்து முதலில் கிளம்புகிறவர் யார், விடுப்பு எடுத்துப் பின்னால் போகிறவர் யார் என்பதை நம் வீடுகள் எப்போதோ தீர்மானித்துவிட்டன. கணவருக்குக் காலணித் தொழிற்சாலையில் வேலை. நான் கல்லூரியில் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்ஜோவில் பதினோரு மாதம் இருந்தேன். என் விண்ணப்பத்தில் முனைவர் பட்டத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, திருமணச் சான்றிதழுக்குத்தான் இருந்தது. இது சீனாவுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. அமெரிக்காவின் எச்-4 விசாவில் பொறியியல் படித்த எத்தனை பெண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தார்கள் என்பதை நாம் நம் தெருவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தமிழ் படித்தவளுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. வேலையும் வணிகமும் புறம், மனைவி அகம். அகப்பாட்டில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். அந்த விதி தலைவன், தலைவி இருவர் பெயரையும் ஒருசேர நீக்குகிறது. இன்றைய அரசுகள் ஒருவரைப் பெயரோடும் பதவியோடும் புறத்தில் நிறுத்திவிட்டு மற்றவரை மட்டும் அகத்துக்குள் அனுப்புகின்றன. பொருள் தேடிக் கடல் கடக்கும்போது பெண்ணை உடன் கொண்டுசெல்லும் வழக்கமில்லை என்றும் அதே தொல்காப்பியத்தின் அகத்திணையியல் சொல்கிறது. அது தடையா, அன்றைய நடப்பைப் பதிந்த வரியா என்று வாதிடலாம். எப்படிப் படித்தாலும் கடல் ஆணுக்கு, கரை பெண்ணுக்கு.

சுவான்ஜோ அந்தக் கடலின் மறுகரை. ஷாங்காய் அளவுக்குப் பெரிய ஊர் அல்ல. அதன் பழைய நகரத்தை நடந்தே சுற்றிவிடலாம். அரபு வணிகர்கள் ஜெய்துன் என்று அழைத்த துறைமுகம் இதுதான். 2021இல் யுனெஸ்கோ இதன் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தமிழர்களுக்கு இந்த ஊர் ஒரு கல்வெட்டால் தெரியும். 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகான் என்ற ஆட்சியாளரின் ஆணைபெற்று, அவர் உடல்நலம் வேண்டி இங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல் அது. தமிழும் சீனமும் ஒரே கல்லில் இருக்கின்றன. கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்கள் இரண்டில் நரசிம்மரும் கண்ணனும் நிற்கிறார்கள்.

இந்த ஊரைப் பற்றி நான் படித்த தமிழ்க் கட்டுரைகள் கல்வெட்டில் தொடங்கிப் பெருமிதத்தில் முடிகின்றன. சம்பந்தப் பெருமாள் யாரோடு வாழ்ந்தார், அவருக்கு உலை வைத்தது யார், ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாளா, உள்ளூர்ப் பெண்ணை மணந்தாரா என்று அவை கேட்பதில்லை. கல் பதில் சொல்லாது என்பது உண்மைதான். கேள்வியே எழாமல் போனதற்குக் கல் பொறுப்பல்ல. ‘தமிழர் கடல் கடந்தனர்’ என்ற வாக்கியத்தில் தமிழர் என்ற சொல் பலர்பால். அதை ஆண்பாலாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம்.

பெண் கடல் கடந்ததற்கும் இதே துறைமுகத்தில் சான்று உண்டு. கல்வெட்டுக்குப் பத்தாண்டுக்குப் பின், 1291 வாக்கில், குப்ளாய் கானின் அரண்மனையிலிருந்து கோக்கச்சின் என்ற பெண்ணைப் பாரசீகத்தின் அர்குன் கானுக்கு மணமுடிக்க இங்கிருந்து கப்பலேற்றினார்கள். வயது பதினேழு என்கிறார் மார்க்கோ போலோ. உடன் போனவர்களில் பலர் வழியில் இறந்தார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் அர்குனும் இறந்துவிட, அவன் மகன் கசானுக்கு அவளைக் கொடுத்தார்கள். இது அவள் பயணம். உலகம் இதை மார்க்கோ போலோ ஊர் திரும்பிய கதையாகவே படிக்கிறது. பெண்ணைக் கப்பலில் ஏற்றியபோதும் அவளைச் சரக்குக் கணக்கில்தான் ஏற்றினார்கள்.

அங்கே இருந்தவரை நான் ‘லாவாய்’, அயல்நாட்டுக்காரி. இடம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். பதிவுக்குப் போகும்போதெல்லாம் கேள்விகள் கணவரின் வேலையைப் பற்றியே இருந்தன. என்னைப் பற்றி முதலில் கேட்டவர்கள் சந்தையில் சிப்பி விற்ற பெண்கள். “என்ன வேலை பார்க்கிறாய்?” என்றார்கள். தங்கள் மின்னான் பேச்சில் கேட்டுவிட்டு, எனக்குப் புரியவில்லை என்றதும் பொதுச் சீனத்தில் மெதுவாகச் சொன்னார்கள். “ஆசிரியை” என்றேன். என் காகிதங்கள் எதிலும் இல்லாத அந்தச் சொல்லை அவர்கள் சான்று கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் ஷுன்பு என்ற மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். ஆண்கள் கடலுக்குப் போக, சிப்பி உடைப்பதும் விற்பதும் குடும்பத்தைத் தாங்குவதும் பெண்கள். கொண்டையைச் சுற்றி மொட்டும் பூவுமாக வளையம் வளையமாய்ச் சூடியிருப்பார்கள். அதில் மல்லிகையும் உண்டு. மல்லிகைக்குச் சீனத்தில் மோலி என்று பெயர். மல்லிகா என்ற வடசொல் கடல் கடந்து அப்படியானது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள்.

ஷுன்பு பெண்களின் வழக்கங்கள் 2008இல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தன. 2023இல் ஒரு நடிகையின் ஒளிப்படத்துக்குப் பின் நாடெங்குமிருந்து இளம்பெண்கள் வந்து, வாடகைக்கு உடையெடுத்துப் பூச்சூடிப் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். தலை அலங்கரித்துவிடுவதில் உள்ளூர்ப் பெண்களுக்கு வருமானம் வருகிறது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலும் படமும் எடுத்துக்கொண்டவை பூவும் கொண்டையும்தான். சிப்பி உடைத்துக் கீறிய விரல்கள் படத்துக்கு வெளியே இருக்கின்றன. வந்தவளை ‘தனிப்பட்டது’ என்கிறார்கள், இருப்பவளை ‘மரபு’ என்கிறார்கள். இரண்டு பெயரும் அவள் உழைப்பை மறைக்கின்றன.

நகரை அடுத்த சிதியன் கிராமத்தில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. நான்கு கைகள், காலடியில் அசுரன், இருபுறமும் தோழியர் என்று நம்மூர்த் தேவியின் சாயலில் ஒரு கற்சிலை. கிராமத்தார் குவான்யின் என்று வணங்குகிறார்கள். கடல் கடந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பெண்ணுருவம் இது ஒன்றைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. கல்லாக வந்ததால் அவளிடம் யாரும் யாருடைய மனைவி என்று கேட்கவில்லை.

என் மாணவிகள் சிலர் திருமணம் முடிந்து வெளிநாடு போகப்போவதாக வந்து சொல்கிறார்கள். வாழ்த்திவிட்டு, எந்த எழுத்தில் போகிறாய் என்று கேட்கிறேன். அங்கே படிக்க இடமுண்டா, வேலைக்கான விசாவுக்கு உன் பட்டம் போதுமா, அந்த ஊர் மொழியைக் கற்க யார் பணம் கட்டுவார் என்பதையெல்லாம் தாலிக்கு முன்பே பேச வேண்டும். அன்போடுதான் அழைத்துப் போகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காவல் நிலையப் படிவத்தில் அன்புக்குக் கட்டமில்லை. தொழில் என்ற கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விடாமல் நிரப்பிக் கொடுக்கும் உரிமையோடு அவள் கப்பலேற வேண்டும்.