பதினெட்டரை லட்சம் டாலரும் ஒரு வெற்றியும்

2023 நவம்பர் 18 அன்று, அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகம் நியூ மெக்சிகோ ஸ்டேட் அணியைத் தன் மைதானத்துக்கு வரவழைத்தது. வந்து ஆடுவதற்கு ஆபர்ன் தர ஒப்புக்கொண்ட தொகை 18.5 லட்சம் டாலர். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தில், இது சகஜம். பணக்காரக் கல்லூரிக்கு உள்ளூர் ரசிகர்கள் முன்னால் ஒரு சுலபமான வெற்றி வேண்டும். ஏழைக் கல்லூரிக்குக் காசு வேண்டும். ஏழை அணி போய், அடி வாங்கி, காசோலையோடு ஊர் திரும்பும். அன்று மட்டும் கணக்கு தலைகீழானது. வந்த அணி 31-10 என்று ஜெயித்தது.

நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் படித்தவன் நான். அங்கே சனிக்கிழமை மாலை என்றால் இங்கே ஞாயிறு விடியல். படிப்பு முடித்து ஊர் திரும்பி எத்தனையோ காலமாகியும், அந்த ஸ்கோரைப் பார்க்காமல் என் ஞாயிறு தொடங்குவதில்லை. அதனால் பாசத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் பாசத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், ஆபர்னில் நடந்ததை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

எப்படி ஜெயித்தார்கள்? இந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும். பலம் குறைந்த அணி நீளமாக வீசிப் பார்த்தால் பந்து சீக்கிரம் எதிரியின் கைக்குப் போய்விடும். நியூ மெக்சிகோ ஸ்டேட் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஓடி, மூன்று நான்கு யார்டாகச் சேர்த்து, கடிகாரத்தைக் கரைத்து, ஆபர்னின் தாக்குதல் வரிசையை எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தது. தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் டியேகோ பவியா தானே பந்தோடு ஓடுவார். ஓடப்போகிறார் என்று தடுப்பாளர்கள் முன்னால் பாய்ந்தால் அவர்களுக்குப் பின்னால் வீசுவார். அன்று எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் டச் டவுன் பாஸ்கள் மூன்று கொடுத்தார். ஆபர்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு யார்டுகள் எடுத்தது அணி. எதிரணிக்கு வாய்ப்புகள் குறையக் குறைய, அதன் பணபலத்துக்கும் வேலை குறையும். பயிற்சியாளர் ஜெரி கில்லின் பாடம் இதுதான்.

இன்னொரு சுவையான விஷயம். அன்று ஆபர்னின் பயிற்சியாளர் ஹியூ ஃப்ரீஸ். அவர் அதற்கு முந்தைய ஆண்டு லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் இருந்தபோதும் இதே கில், இதே பவியா அவர் அணியை 49-14 என்று அவர் மைதானத்திலேயே வீழ்த்தியிருந்தார்கள்.

இந்த வெற்றியின் எடை தெரிய வேண்டுமானால் லாஸ் க்ரூஸஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூ மெக்சிகோவின் தெற்கில், ஆர்கன் மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் பாலைவன ஊர். 1888-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டே விவசாயக் கல்லூரியானது; அணிக்கு ‘ஆகீஸ்’ என்று பெயர் வந்தது அதனால்தான். ஏழை மாநிலம், அதிலும் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். நன்கொடை தரும் பெரிய நிறுவனங்களும் அதிகம் இல்லை. ஆபர்ன் ஆடும் எஸ்.இ.சி. லீக், தொலைக்காட்சி வருமானத்தையும் பிறவற்றையும் சேர்த்து ஒவ்வொரு கல்லூரிக்கும் ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் பங்கு தருகிறது. நியூ மெக்சிகோ ஸ்டேட் இப்போது ஆடும் கான்ஃபரன்ஸ் யூ.எஸ்.ஏ. லீக் தருவதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. பற்றாக்குறையை அடைக்கத்தான் ஆபர்ன் மாதிரியான இடங்களுக்குப் பயணம்.

இந்த அணிக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. வாரன் வுட்சன் பயிற்சியாளராக இருந்தபோது, 1959 முதல் 1962 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நாட்டிலேயே அதிக யார்டு ஓடியவர் இந்தக் கல்லூரி வீரராகவே இருந்தார். 1960-ல் ஒரு தோல்வியும் இல்லாமல் பதினொரு வெற்றிகள். அந்த அணியின் குவார்ட்டர்பேக் சார்லி ஜான்சன் பதினைந்து ஆண்டுகள் தொழில்முறை லீக்கில் ஆடினார். ஆடிக்கொண்டே வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பின்னாளில் இதே பல்கலைக்கழகத்துக்கு வந்து வேதிப் பொறியியல் துறைத் தலைவராக இருந்தார்.

அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. 1988-க்கும் 1990-க்கும் இடையில் தொடர்ந்து 27 தோல்விகள். லீக் விட்டு லீக் மாறுவதே வாழ்க்கையானது. 2016-ல் சன் பெல்ட் லீக், நியூ மெக்சிகோ ஸ்டேட்டையும் ஐடஹோவையும் 2017-க்குப் பிறகு வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அறிவித்தது. ஐடஹோ ஒரு படி கீழான பிரிவுக்கு இறங்க முடிவு செய்தது. எங்கள் கல்லூரி இறங்க மறுத்து, எந்த லீக்கும் இல்லாமல் தனியே ஆடத் துணிந்தது.

சன் பெல்ட்டில் ஆடிய கடைசிப் பருவத்தில்தான் அதிசயம் நடந்தது. பருவ இறுதியில் நல்ல அணிகளை மட்டும் அழைத்து நடத்தும் ஆட்டங்களுக்கு ‘பௌல்’ என்று பெயர். 57 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் அழைப்பு வந்தது. 2017 டிசம்பர் 29, டூசான் நகரில் அரிஸோனா பௌல். எதிரணி யூட்டா ஸ்டேட். 1960-ல் சன் பௌலில் ஆடியதும் இதே யூட்டா ஸ்டேட்டோடுதான். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. யூட்டா ஸ்டேட்டின் பீல்டு கோல் உதை தவறியது. அடுத்து எங்கள் முறை. லேரி ரோஸ் பந்தை வாங்கி 21 யார்டு ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தார். 26-20. லாஸ் க்ரூஸஸிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த கூட்டம் அப்படியே மைதானத்துக்குள் இறங்கியது. தாத்தா பார்த்ததைப் பேரனும் பார்த்துவிட்டான் என்பதுதான் அன்றைய சந்தோஷம்.

மறுபடியும் சரிவு. கோவிட் கட்டுப்பாடுகளால் 2021 வசந்தத்தில் சொந்த ஊரில் ஆட முடியாமல், 1914 முதல் பரம எதிரியான எல் பாஸோ அணியின் மைதானத்தில் போய் ஆடினார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஜெரி கில் வந்தார். வலிப்பு நோயால் 2015-ல் மினசோட்டா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பதவியை விட்டவர். 2022-ல் அதே மினசோட்டாவிடம் 38-0 என்று தோற்ற அணி, அந்தப் பருவத்தை டெட்ராய்ட்டில் ஒரு பௌல் வெற்றியோடு முடித்தது. 2023-ஐ மாசசூசெட்ஸிடம் சொந்த மைதானத்தில் தோற்றுத் தொடங்கி, பிறகு தொடர்ந்து எட்டு வெற்றிகள் பெற்று, பத்து வெற்றிகளில் முடித்தது. 1960-க்குப் பிறகு இப்படி ஒரு பருவம் இல்லை.

அதற்கடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்த டிசம்பரிலேயே கில் விலகினார். தாக்குதல் பயிற்சியாளர் டிம் பெக், பவியா, பாஸ்களைப் பிடிக்கும் ஈலை ஸ்டோவர்ஸ் ஆகியோர் எஸ்.இ.சி. லீக்கின் வாண்டர்பில்ட்டுக்குப் போனார்கள். கில்லும் ஆலோசகராக அங்கேயே போய்ச் சேர்ந்தார். 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட், நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வென்றது. 2025-ல் பவியா, கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பிடித்தார். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் சீந்தாத அல்புகர்க்கிப் பையன் அவர். லாஸ் க்ரூஸஸ் என்ன ஆனது? 2024-ல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. நாற்று விட்டது ஒருவர், அறுவடை இன்னொருவருக்கு.

போன பையன்கள் மீது எனக்கு வருத்தமில்லை. உடம்பை முறித்து ஆடும் ஆட்டம். ஆடும் காலமும் கொஞ்சம்தான். 2021 முதல் வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரி மாறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகத் தரலாம். இவையெல்லாம் வீரர்களுக்குக் கிடைத்த நியாயம். வளர்த்த கல்லூரிக்கு மட்டும் நியாயம் கிடைக்கவில்லை.

உலகக் கால்பந்து இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. ஒரு வீரர் பெரும் தொகைக்குக் கிளப் மாறினால், 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதத்தை ஃபிஃபா பிரித்துத் தரச் செய்கிறது. பிரேசிலின் ஒரு சின்ன ஊர்க் கிளப்புக்கு அந்தக் காசில் மைதானமே வந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்திலும் இதே விதி வர வேண்டும். வீரருக்குப் போகும் காசில் கை வைக்க வேண்டாம். அழைத்துக்கொள்ளும் கல்லூரி தனியே தரட்டும். இது வராதவரை, லாஸ் க்ரூஸஸ் எவ்வளவு நன்றாக ஆடுகிறதோ அவ்வளவு வேகமாகக் காலியாகும்.

விதி மாறும்வரை செய்யக்கூடியது பழைய மாணவர்கள் கையில்தான் இருக்கிறது. 2026-ல் எங்கள் பரம எதிரியான எல் பாஸோகூட மவுண்டன் வெஸ்ட் என்ற வேறு லீக்குக்குப் போகிறது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். ஜெயிக்கும் ஆண்டில் கூடும் கூட்டம் அணியைக் காப்பாற்றாது. தோற்கும் ஆண்டில் வாங்கும் சீசன் டிக்கெட் காப்பாற்றும். தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கல்லூரியின் அணி எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஒரு சனிக்கிழமை நூலகத்தை விட்டு மைதானத்துக்குப் போங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் நன்கொடையாகச் சிறு தொகையாவது அந்த அணிக்கு அனுப்புங்கள்.