பலகை விலையும் மண்டிக் கடனும்

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். விவசாயிக்கும் வாங்குபவருக்கும் இடையே கமிஷனுக்கு விற்றுத் தரும் மண்டிக்காரரை யாரும் ஒழிக்கவில்லை. அவரைத் தொடாமல் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தார்கள்.

அந்த வாசலால் கிடைத்தது சின்ன விஷயமல்ல. விடியுமுன் கத்தரிக்காய் மூட்டையோடு பஸ் ஏறி வரும் விவசாயி, புகைப்பட அட்டையைக் காட்டிக் கடை போடுகிறார். வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தையே தருகிறது. மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் சில்லறை விலைக்குச் சற்றுக் கீழாகவும் அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். மண்டிச் சிட்டை வந்த பிறகே தன் காயின் விலையை அறிந்தவருக்கு, விற்குமுன்பே அது தெரிகிறது.

ஆனால் அரை நாள் உட்கார்ந்து விற்க வீட்டில் ஆள் வேண்டும். ஊரும் பக்கத்தில் இருக்க வேண்டும். லாரிக் கணக்கில் தக்காளி எடுப்பவருக்கு மொத்தச் சந்தைதான் கதி. விவசாயி அட்டையோடு வியாபாரிகளே நுழைந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் பழையது.

இவற்றைவிடப் பெரிய குறை கடன். விதை, உரம், கூலி என்று கைக்காசு கரையும்போது முன்பணம் தருபவர் மண்டிக்காரர். வாங்கியவர் காயை அவரிடமே போட வேண்டும். உழவர் சந்தை கமிஷனை நீக்கியது. அந்த முன்பணத்துக்கு மாற்று வைக்கவில்லை.

மண்டிக்கு வெளியே விற்க வழிவிட்ட மத்திய அரசின் 2020 வேளாண் சட்டங்களும் இங்கேதான் இடறின. பஞ்சாபில் ஆதரவு விலைக் கொள்முதல் மண்டி வழியாகவே நடக்கிறது. அவசரத்துக்குக் கடன் தருபவரும் ஆர்த்தியா எனப்படும் அங்குள்ள மண்டிக்காரர்தான். இரண்டுக்கும் உறுதியான பதில் இல்லாத சட்டத்தை எதிர்த்து விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

உழவர் சந்தைக்கு அப்படி உட்கார ஆளில்லை. தி.மு.க. அரசு தொடங்கியது என்பதாலேயே 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2006-க்குப் பிறகே மீண்டும் உயிர் வந்தது. பயன் பெற்றவர்கள் சிறு விவசாயிகள், சிதறிக் கிடப்பவர்கள். சங்கமாகச் சேர்ந்து குரல் கொடுக்கவில்லை.

கடன் குறை தீர, சந்தையில் கடை போடக் காட்டும் அதே புகைப்பட அட்டையின் பேரில் கூட்டுறவுச் சங்கம் சிறு சாகுபடிக் கடன் தரட்டும். அதுவரை, பலகை விலையைத் தெரிந்துகொண்டும் மூட்டையை மண்டியில் இறக்குபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.