சிவராத்திரி தேறாத விதிமொழி

தேதி வரம்புக்கும் திரும்ப வரும் நாளுக்கும் மென்பொருள் ஆப்ஜெக்ட் வடிவமைப்பவர்கள் தங்கள் படைப்பைக் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறையில் புறப்பட்டு, பன்னிரு ஆலயங்களைத் தொட்டு, திருநட்டாலத்தில் நிறைவுறும் சிவாலய ஓட்டம் ஆண்டு தவறாமல் வருகிறது. தேதி மட்டும் நிற்பதில்லை. சிவராத்திரி 2024இல் மார்ச் 8, 2025இல் பிப்ரவரி 26, 2026இல் பிப்ரவரி 15.

நாள்காட்டி நிகழ்வுகளைச் செயலிகள் பரிமாறிக்கொள்ள 1998இல் வெளியாகி 2009இல் திருத்தப்பட்ட ஐகேலண்டர் தரத்தின் சிறப்பு சிக்கனம். மாதத்தின் இரண்டாம் சனியை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால், மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி நள்ளிரவில் நிற்கும் நாளைச் சொல்ல அதன் விதிமொழிக்கு வாயில்லை. தேதிகளைக் கைப்பட அடுக்கலாம். அது பட்டியல், விதி அன்று. 2015இல் வந்த நீட்சி பிற நாள்காட்டிகளுக்கு வழி திறந்தது. அது நம்பிய யூனிகோடு நாள்காட்டிப் பட்டியலில் அன்று இந்தியாவுக்கென இருந்ததோ 1957இல் அரசு ஏற்ற சக நாள்காட்டி. அதில் திதிக்கு இடமில்லை. குமரியின் கொல்லம் ஆண்டு பட்டியலிலேயே இல்லை.

மென்பொருள் வடிவமைப்பு எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 1997இல் முன்வைத்த முறை இதைவிட ஆழமானது. ஒரு நாளைக் கொடுத்தால் ஆம், இல்லை என்று மட்டும் விடை சொல்லும் சிறு ஆப்ஜெக்ட்கள். சேர்த்தும் வெட்டியும் கழித்தும் அவற்றைக் கோத்தால் பெரிய விதி. திதிக் கணக்கு ஒன்றனுள் அடங்கிவிடும்; மற்றவை அதை அறிய வேண்டியதே இல்லை. உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக அறிவிக்கப்படும் சனிக்கிழமை வேலைநாளையும் இதே கோவையில் சேர்க்கலாம். இந்த ஒருங்கிணைவு பெரும் சாதனை.

குறைகள் இரண்டு. அடுத்த நிகழ்வைக் காண நாள்தோறும் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். இது வேகக் குறை, பொறுக்கலாம். நாளையே அலகாகக் கொண்டது பொறுக்கத்தக்கதன்று. இரவைக் கடந்து ஓடும் ஓட்டம் அங்கே இரண்டு 'ஆம்'களாக உடைகிறது. அவை ஒரே நிகழ்வு என்று சொல்ல ஆளில்லை.

வரம்புக்கான அவருடைய ஆப்ஜெக்டும் இதே பிடிப்பில்தான் நிற்கிறது. அது இரு முனைகளையும் உட்கொள்வது. இரு வரம்புகளுக்கு இடைவெளி காண ஒரு நாளைக் கூட்டிக் கழிக்க வேண்டும், மணிக்கணக்கு வந்தால் அந்த உத்தி சிதறும். தொடக்கத்தை ஏற்று முடிவை விலக்கும் வரம்பே செம்மையானது: மாசியின் முடிவே பங்குனியின் தொடக்கம், இடையில் ஒட்டுவேலை இல்லை. 2012இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.2 பதிப்பு தேதி வரம்புகளை இவ்வடிவிலேயே சேமிக்கத் தொடங்கியது.

எனவே, விதிகளைக் கோப்பதில் ஃபவுலர் வழியே முதன்மை பெறுகிறது, ஒரு திருத்தத்தோடு: ஒவ்வொரு விதியும் ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக முடிவை விலக்கிய வரம்புகளைத் தர வேண்டும். ஐகேலண்டர், செயலிகளுக்கிடையே அவ்விடையைக் கொண்டுசெல்லும் வடிவமாக இருக்கட்டும்.