நெல்லின் பாடபேதங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் முக்கூடற்பள்ளு பற்றிக் கட்டுரை வாசித்தேன். பள்ளு நூல்களில் வரும் நெல்விதைப் பட்டியல்கள் தமிழரின் உயிரியல் பன்மைக்குச் சான்று, பசுமைப் புரட்சி என்கிற ஒற்றைக் கதையாடல் வந்து அந்தப் பன்மையை அழித்தது, இதுதான் சாரம். கைதட்டினார்கள். இன்றைக்கு அதை எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. சொன்னதெல்லாம் பொய் என்பதல்ல. பட்டியலை வாசித்தேனே ஒழிய, அது யாருடைய வாயிலிருந்து யாருடைய காதுக்குப் போகிறது என்பதை வாசிக்கவில்லை.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குப் பட்டியல் என்றால் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்கள்தான். தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதில் பத்துப் பூவை நேரில் காட்டினால் பெயர் சொல்லத் தெரியாது. பள்ளின் நெற்பெயர்களும் எங்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. சித்திரக்காலி, சிறைமீட்டான், மணல்வாரி என்று ஓசை நயத்துக்கு உதாரணம் காட்டிவிட்டு வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. பிரதிக்குள் நடப்பதோ வேறு. தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற ஊரில், பண்ணைக்காரன் முன்னால் நின்று குடும்பன் கணக்கு ஒப்பிக்கிறான். மாட்டு வகை இவ்வளவு, விதை வகை இவ்வளவு. இதே பண்ணைக்காரன்தான் இதே குடும்பனைத் தொழுவில் மாட்டுகிறவனும். ஆக, நாம் பண்பாட்டுப் பெருமிதமாக வாசிக்கிற வரிகள் ஒரு இருப்புக் கணக்கு. நெல் ஒருவனுடையது, நெல்லின் பெயர் தெரிந்தவன் வேறொருவன்.

கருத்தரங்கு முடிந்து ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் அந்தப் பெயர்களைச் சொல்லிக் காட்டினேன். காருக்கும் பிசானத்துக்கும் ஐம்பது வருஷம் நடவுக்குப் போனவள். சீரகச் சம்பா என்றதும் சிரித்துவிட்டாள். "அது அவுக வீட்டுக் குதிலுக்குல்லா போவும். நமக்குக் கொத்தா அளந்தது மோட்டா நெல்லுதாம்ல. ஐ.ஆர். எட்டு வந்த பொறவுதான் ரெண்டு நேரம் உல கொதிச்சுது. ருசி கெடயாது, ஆனா சோறு உண்டும்லா." என் கட்டுரையில் வில்லனாக இருந்த ஐ.ஆர். 8 அவளுக்குச் சோறு. தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 விளைந்து பெருகிய அதே ஆண்டுகளில்தான், கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டு எழுந்த போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விதை மாறியது, அளக்கிற மரக்கால் யார் கையில் என்பது மாறவில்லை. பாரம்பரிய நெல் பற்றி இன்றைக்கு எழுதப்படுகிறவற்றில் பெரும்பாலானவை இந்த மரக்காலைப் பற்றிப் பேசுவதே இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவின் வீரியத்தைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகப் பேசும்.

சரி, ஆச்சி சொன்னதோடு விஷயம் முடிந்துவிட்டதா? அப்படி முடித்துக்கொள்வதும் சோம்பேறித்தனம்தான். பன்மை என்றால் என்ன, எது குறைந்தது, எப்போது குறைந்தது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில், பெயர்கள் மரபணுக்கள் அல்ல. ஒரே விதை ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு பெயரிலும் அந்தக் கரையில் இன்னொரு பெயரிலும் இருக்கும். ஒரே பெயரில் நான்கு ஊர்களில் நான்கு வேறு விதைகள் இருக்கும். இந்தியாவில் ஒரு லட்சம் நெல் ரகம் இருந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அது யாரும் எண்ணி முடித்த கணக்கல்ல, மதிப்பீடு. ஆர்.எச். ரிச்சாரியா 1970களில் சத்தீஸ்கர் பகுதியில் 19,000-க்கும் மேல் மாதிரிகள் திரட்டினார். மாபெரும் உழைப்பு. ஆனால் மாதிரி வேறு, ரகம் வேறு.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் விளைவது. எனவே நாட்டு ரகம் என்று நாம் சொல்லும் ஒரு வயல், உண்மையில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பல வம்சங்களின் கூட்டம். ஒன்று நாலு நாள் முந்திக் கதிர் தள்ளும், ஒன்று பிந்தும். ஒன்று தண்ணீர் நின்றாலும் தாங்கும், இன்னொன்று அழுகும். ஒரு வருஷம் பிழைப்பது அடுத்த வருஷம் பிழைப்பதாக இருக்காது. ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு பாட்டுக்குப் பத்து ஏடுகள், பத்திலும் பாடபேதம். எது மூலம் என்று கேட்டால் சில நேரம் பதிலே கிடையாது. நாட்டு நெல் என்பது மூலபாடம் இல்லாத பிரதி. அது பாடபேதங்களால் மட்டுமே ஆனது.

அப்படியானால் சுத்தப் பதிப்பு எப்போது வந்தது? நான் மேடையில் சொன்னதுபோல 1966-இல் ஐ.ஆர். 8-ஓடு அல்ல. கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1912-இல். அங்கே முதலில் செய்த வேலை, விவசாயிகளின் கலப்பு வயலிலிருந்து நல்ல செடி ஒன்றைப் பொறுக்கி, அதை மட்டும் பெருக்கி, 'தூய வரிசை' என்று திருப்பிக் கொடுப்பது. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து இருபத்தைந்து ஆண்டு கழித்து. இரண்டு காரியமும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை; உ.வே.சா. பாடபேதங்களைப் பொருட்டாக மதித்துக் குறித்துவைத்தார். பண்ணையில் அடிக்குறிப்புப் போடுகிற வழக்கம் இல்லை. கிச்சிலிச் சம்பாவிலிருந்து பிரித்தெடுத்து 1921-இல் வந்த புகழ்பெற்ற நெல்லுக்கு ஜி.இ.பி. 24 என்று பெயர். ஜி.இ.பி. என்றால் அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர், அதாவது ஒரு உத்தியோகத்தின் பெயர். சிறைமீட்டானிலிருந்து உத்தியோகப் பெயருக்கு வந்து சேர்ந்த தூரத்தை மொழி படித்தவர்கள் அளந்திருக்க வேண்டும். நாம் அளக்கவில்லை. வயலுக்குள்ளிருந்த பன்மை சுருங்க ஆரம்பித்தது இங்கேதான், பசுமைப் புரட்சிக்கு நாற்பது ஐம்பது வருஷம் முன்னால்.

அதற்குப் பிறகு வந்ததில் ஒரு முரண் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 1976-இல் வெளியான ஐ.ஆர். 36-இன் வம்சாவளியில் ஆறு நாடுகளின் 13 ரகங்கள் உண்டு. ஒரு விதைக்குள் அத்தனை ஊர். ஆனால் 1980களில் 110 லட்சம் ஹெக்டேரில் அந்த ஒரே விதை நின்றது. விதைக்குள் பன்மை, வயலில் ஒருமை. 'நவீன விதை ஏழை, நாட்டு விதை பணக்காரன்' என்ற எளிய எதிர்வு இங்கே உடைந்துபோகிறது. அதே ஐ.ஆர். 36-இன் இன்னொரு கதையும் உண்டு. நெற்பயிரைக் கட்டையாக்கிப் புல்போலாக்கும் ஒரு வைரஸ் நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் விதை தேடி 6000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்திலிருந்து எடுத்த ஒரைசா நிவாரா என்ற காட்டுநெல். களை என்று பிடுங்கி வரப்பில் எறிகிற இனம். தேவைப்படும் நாள் வரும்வரை அதன் மதிப்பை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதனால்தான் விதை வங்கிகள். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில், உலர்த்தி, உறையிலிட்டு. 2008-இல் திறந்த ஸ்வால்பார்டு பெட்டகம் வரை எல்லாம் இந்த யோசனைதான். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உறைந்த விதை எதையும் கற்றுக்கொள்வதில்லை. வெளியே உப்பு ஏறுகிறது, மழை தள்ளிப்போகிறது, பூச்சி மாறுகிறது. உள்ளே விதை சேர்த்த வருஷத்திலேயே நிற்கிறது. அது சுவடி நூலகம். பாட்டு பாடப்படுவது வயலில். அதோடு சாவி யாரிடம் என்ற பழைய கேள்வியும் இருக்கிறது. ரிச்சாரியா திரட்டிய விதைகளைப் பராமரித்த ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகம் 2002-இல் சின்ஜென்டா கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. பண்ணைக்காரன் வேறு ஆடையில் வந்து விதை வகை கேட்டான், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் செய்தது வேறு மாதிரியான பதிப்பு. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ கொடுத்து அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டார். 174 ரகங்களை மீட்டார் என்கிறார்கள். எண்ணிக்கையைவிட அந்த இரண்டுக்கு நான்கு என்ற கணக்குதான் என்னைப் பாதிக்கிறது. ஏடு பெயர்த்தெழுதப்படாவிட்டால் செல்லரித்துப்போகும். நெல் விதைக்கப்படாவிட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் முளைப்புத் திறனை இழக்கும். அவர் பெயர்த்தெழுத ஆள் சேர்த்தார்.

அப்படி நடந்த ஒரு விதைத் திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். ஒரு மேசையில் காட்டுயானம் என்று எழுதிய இரண்டு பைகள். ஒன்றில் நெல் பருமனாக, மற்றதில் கொஞ்சம் மெலிந்து, மூக்கு நீண்டு. இதில் எதண்ணே நிஜம் என்று கேட்டேன்; கேட்டபிறகுதான் நான் கேட்பது என்ன கேள்வி என்று உறைத்தது. அவர் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது கலப்படம் தம்பி, கழிச்சிரணும்" என்று மெலிந்த நெல்லைத் தள்ளி வைத்தார். கழிக்கப்போவதை எனக்குக் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். ஆச்சி இருந்திருந்தால் பல்லில் கடித்து ஏதாவது சொல்லியிருப்பாள்.

ஒரு சில்வர் டப்பாவில், புத்தக அலமாரியில் இருக்கிறது. எனக்கு வயல் கிடையாது. யாராவது நட்டுப் பார்க்கிறேன் என்றால் வருகிற ஆடிக்குள் கொடுத்துவிடலாம்.