மேய்ப்பரும் கர்ச்சிக்கும் சிங்கமும்: எபிரேயத் திருமறையின் விலங்குக் குறியீடுகள் பற்றி நமுனுகுலத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

நமுனுகுல மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களில் தெய்வத்தின் அருகே விலங்கு நிற்பது புதுமையன்று. கோயிலில் முருகனுக்கு மயிலும் காளிக்குச் சிங்கமும் வாகனங்களாகின்றன. கிறிஸ்தவக் குடும்பங்களின் லயன் அறைகளில் ஆட்டுக்குட்டியைத் தோளிற் சுமக்கும் நல்லாயனின் படத்தைக் காணலாம். முன்னதில் விலங்கு தெய்வத்தைச் சுமக்கிறது. பின்னதில் தெய்வம் விலங்கைச் சுமக்கிறது. விலங்கையே தெய்வத்துக்கு உவமையாக்கும் மூன்றாவது மரபொன்றும் எபிரேயத் திருமறையில் உண்டு. அம்மரபு தோட்ட மக்களிடையே போதிய அழுத்தம் பெறாமைக்குரிய காரணத்தை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வட இஸ்ரவேல் அரசை நோக்கிப் பேசிய ஆமோஸ், ஓசியா ஆகியோரின் நூல்களில் இம்மரபு உச்சநிலை எய்துகிறது. ஓசியாவின் கடவுள் சிங்கம். வழியோரம் பதுங்கும் சிறுத்தை. குட்டிகளைப் பறிகொடுத்த கரடி. துணியை ஓசையின்றி அரிக்கும் அந்துப்பூச்சியுங்கூட. உபாகமத்தில் வரும் மோசேயின் பாடலோ குஞ்சுகளைச் சிறகிற் சுமக்கும் கழுகைக் காட்டுகிறது. இங்கு எபிரேய மூலத்திலுள்ள ‘நெஷெர்’ என்னும் சொல் பிணந்தின்னும் பெரும்பறவையையும் குறிக்கும். மீகாவின் நூலில் அதன் மொட்டைத்தலை பேசப்படுவது இதற்குச் சான்று. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைக் ‘கருடன்’ எனப் பெயர்க்காது, இருவகைப் பறவைகளுக்கும் பொதுவான ‘கழுகு’ என்றே பெயர்த்தமை பொருத்தமானதே.

எனினும் இவ்வுவமைகள் யாவும் சொல்லளவில் நிற்பவை, சிலையாக வடிக்கப்பட்டவையல்ல. கடவுளைச் சிங்கமென்று கூறத் தயங்காத ஓசியா, சமாரியாவின் கன்றுக்குட்டியைக் கடுமையாகச் சாடுகிறார். இதனை முரண்பாடெனக் கொள்ளுதல் தகாது. பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுவியவன் யெரொபெயாம் என்னும் அரசன். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா ஆமோசை அங்கிருந்து விரட்டியபோது, அது அரசனுக்குரிய தலம் என்பதையே காரணமாகக் காட்டினான். வார்ப்புக் கன்று அரசனின் உடைமை. அதற்குக் காவலும் வருமானமும் உண்டு. கர்ச்சனையையோ எவரும் உடைமையாக்க இயலாது. உருவ வழிபாட்டு மறுப்பினுள் ஓர் அதிகார மறுப்பும் அடங்கியுள்ளது என்பதே எமது கருத்தாகும்.

ஆமோஸ் தெக்கோவாவில் மந்தையோடு வாழ்ந்தவர். காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். அவரை வறிய கூலியாளர் எனத் துணிவதற்கில்லை, மந்தையுடையவராகவும் இருந்திருக்கலாம். ஆயினும் சிங்கத்தை அவர் அரண்மனைச் சிற்பத்தில் மட்டும் கண்டவரல்லர் என்பது தெளிவு. சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ காதின் ஒரு துண்டையோ மட்டும் மீட்டெடுக்கும் மேய்ப்பனை அவர் காட்டும் இடம், தொழிலனுபவத்தின் வழி வந்த உவமையாகும். இச்சிங்கம் எவரை நோக்கிக் கர்ச்சிக்கிறது? நூலின் தொடக்கத்தில் எழும் கர்ச்சனையைத் தொடர்ந்து வருவது ஒரு குற்றப்பட்டியல். அண்டை நாடுகளைச் சுற்றிவரும் அப்பட்டியல், ஏழையை ஒரு சோடிச் செருப்புக்கு விற்கும் இஸ்ரவேலரிடம் வந்து முடிகிறது. பின்னர் எட்டாம் அதிகாரத்தில் அளவைச் சிறிதாக்கி, விலையைப் பெரிதாக்கி, கள்ளத்தராசு பிடிக்கும் வணிகர் வருகின்றனர்.

தராசு தோட்டத் தொழிலாளிக்கு அந்நியமான பொருளன்று. கொழுந்து மடுவத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் எனக் கழிக்கப்படும் கிலோக்களும், நிறை குறைந்தால் விழும் அரைப்பேரும் மலையகத் தொழிலாளரின் நெடுங்கால முறைப்பாடுகள். தேயிலைச் செடிகளிடையே பதுங்கும் சிறுத்தைக்கு அஞ்சி மலையேறும் பெண்ணுக்கு ஓசியாவின் உவமையை விளக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் இம்மக்களிடையே பெரிதும் வழங்கியது மேய்ப்பர் உவமையே. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டங்களில் நற்செய்திப் பணியாற்றிய தமிழ்க் கூலி மிஷன் 1854 இல் தொடங்கியபோது, அதற்குத் தோட்டத்துரைமார் சிலரின் முன்முயற்சியும் நிதியுதவியும் இருந்தன. துரையின் பணத்தில் வந்த போதகர் துரையின் தராசை நோக்கிக் கர்ச்சிக்கும் சிங்கத்தைப் பற்றி விரித்துரைத்திருப்பார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

மொழியும் இதற்குத் துணைசெய்தது. புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபத்தைப் பெயர்த்தோர் கிறிஸ்துவை ‘மேய்ப்பர்’ என்பதோடு ‘கண்காணி’ எனவும் குறித்தனர். மேற்பார்வையாளரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அது நேரிய தமிழே. ஆனால் கடனாலும் முன்பணத்தாலும் ஆட்களைப் பிணித்து வைத்த கங்காணியின் கீழ் வாழ்ந்தோரின் செவியில் அச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பது சிந்தனைக்குரியது. கடவுள் மேய்ப்பராகுமிடத்து மக்கள் விலங்காகின்றனர். கடவுள் விலங்காகுமிடத்து வலியோர் இரையாகின்றனர். முதலாவதை மட்டும் கற்பித்தல் அடங்கியிருக்கக் கற்பித்தலாக முடியும்.

எனினும் திருச்சபை முழுவதையும் ஒரே பக்கத்தில் நிறுத்துவது நேர்மையன்று. 1972 இல் உருவான பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்கார சமூக நீதியின் குரலாக அறியப்பட்டவர். மேய்ப்பர் உவமையிலும் கலகக் குரல் இல்லாமலில்லை. மந்தையைத் தின்று கொழுக்கும் மேய்ப்பர்களாக ஆட்சியாளரை எசேக்கியேல் சாடுகிறார். மறுபுறம், ஓசியாவின் சிங்கமும் கரடியும் ஒடுக்குவோரை மட்டுமன்றி, ஒரு மக்களினம் முழுவதையும் கிழிக்க எழுவனவாகவே பேசப்படுகின்றன. அவற்றின் வன்முறையை மறைத்து அவற்றைப் புரட்சிச் சின்னங்களாக மட்டும் கொண்டாடுதலும் திறனாய்வாகாது.

எனவே ஒரு குறியீட்டின் பொருளை விலங்கின் இயல்பில் மட்டும் தேடுதல் போதாது. அதனைப் பேசுவோர் யார், அது எவரை நோக்கிப் பேசப்படுகிறது, எவர் செலவில் அது கற்பிக்கப்படுகிறது என்பனவும் ஆராயப்பட வேண்டும். நமுனுகுலத் தோட்டத்தில் ஆமோசைப் படிப்போர் கொழுந்து மடுவத்தை மறந்து படித்தல் இயலாது, படித்தலும் ஆகாது.