ரெட்டுக்கு ஃபாலோ

ஒரு சாப்பாட்டுக் கடை. நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜை மேல் ரத்தம் காயாத கத்திகள். யாரைக் கொன்றோம், ஏன் கொன்றோம் என்ற பேச்சே இல்லை. யார் போய் சரண்டர் ஆவது, யார் வெளியில் இருந்து ஜாமீன் வேலையைப் பார்ப்பது, அதுதான் பேச்சு. தீபாவளிக்கு ஆபீஸில் யார் லீவு போடுவது என்று பேசிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ இப்படித்தான் ஆரம்பிக்கும். 2018 அக்டோபரில் வந்த படம். வந்த புதிதில் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதில் வருகிற வசவுகளை எண்ணினார்கள். மீதிப் பேர் யார் யாருடைய ஆள் என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்கள். நான் இரண்டாவது கோஷ்டி. சமீபத்தில் மறுபடி உட்கார்ந்து பார்த்தபோது கணக்கு சரியாக வந்துவிட்டது. கூடவே முதல் தடவை கண்ணில் படாத ஓர் ஓட்டையும் பட்டது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

செத்துப்போனது ராஜன். அமீர் நடித்திருந்தார். ராஜன் கடத்தல்காரன். ஆனால் குப்பத்துக்கு நல்லவன், பையன்கள் கேரம் ஆட கிளப் வைத்துக் கொடுத்தவன், ரோடு போடுகிறேன் என்று வந்து குடிசைகளைக் காலி பண்ணச் சொன்னவர்களை எதிர்த்து நின்றவன். அவனை வெட்டிய நாலு பேரும் வெளியாட்கள் இல்லை. அவன் நிழலில் வளர்ந்தவர்கள்.

ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கதைகளில் ‘அண்ணன்’ என்பது உறவு இல்லை, பதவி. கூடப் பிறந்த அண்ணன் மனசு வந்தால் செய்வான். இந்த அண்ணன் செய்தே ஆகவேண்டும். ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சி கல்யாணம், ஸ்டேஷனில் உட்கார வைத்த பையனைக் கூட்டி வருவது எல்லாம் அவன் பொறுப்பு. பேங்க்கும் சர்க்காரும் எட்டிப் பார்க்காத சந்துக்குள் எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் அவன்தான். கொடுத்ததற்கு நோட்டில் கணக்கு எழுத மாட்டான். நல்ல குணம் மாதிரி தெரியும். யோசித்துப் பார்த்தால், கணக்கு எழுதாத கடன் தீரவே தீராது.

அந்தக் கடனில் மாட்டிக்கொள்கிறவன்தான் அன்பு. தனுஷ். கேரமில் பெரிய ஆளாக வரவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாத பையன். காதலிக்கிற பெண்ணிடம் தகராறு பண்ண வந்த பழனியோடு மோதப்போய், அதில் பழனி செத்துப்போகிறான். அந்தப் பழனி, முதல் காட்சியில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேரில் ஒருவன். ராஜன் கொலைக்கான முதல் பழியை, அது பழி என்றே தெரியாமல் அன்பு தீர்த்துவிடுகிறான். இந்த மாதிரி இடங்களில் வெற்றிமாறன் கெட்டிக்காரர். வசனம் வைத்து விளக்காமல், நாமே வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

பழனி செத்ததும் அன்பைக் காப்பாற்றிவிடுகிறவன் குணா. மேஜையைச் சுற்றி இருந்த இன்னொருவன். கொஞ்ச காலம் கழித்துக் கடனைக் கேட்கிறான். ஜெயிலுக்குப் போ, உள்ளே இருக்கிற செந்திலை முடித்துவிட்டு வா.

செந்தில் என்னவோ மகாத்மா இல்லை. ஆனால் ஜெயிலுக்குள் அன்பை நம்புகிறான். நம்ப வைத்தது கேரம். ஒரு பெரிய ரவுடிக்கும் ஒரு சின்னப் பையனுக்கும் நடுவில் ஒரு பலகை, கொஞ்சம் பவுடர், பத்தொன்பது காய்கள். பையன் காயை அடிக்கிற அழகைப் பார்த்தே செந்தில் மயங்கிப்போகிறான். கடைசியில் ஜெயிலுக்குள்ளேயே கேரம் போட்டி, பந்தல், கூட்டம். அதற்குள் வைத்து அன்பு அவனைக் குத்துகிறான். செந்தில் சாகவில்லை. முடமாகிப் பிழைத்துக் கிடக்கிறான்.

நான் சொன்ன ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரெட்டைக் குழியில் தள்ளினால் மட்டும் போதாது, அடுத்த அடியில் ஃபாலோ விழவேண்டும். விழவில்லை என்றால் ரெட்டை எடுத்து மறுபடி நடுவில் வைத்துவிடுவார்கள், நீங்கள் போட்டதாகவே கணக்கு இல்லை. அன்பு ரெட்டைப் போட்டுவிட்டான். ஃபாலோவைத் தேடித்தேடிப் பார்க்கிறேன், படத்தில் இல்லை. தன்னை நம்பிய ஒருவனை, தான் உயிராக நினைத்த ஆட்டத்தையே தூண்டிலாக வைத்துக் குத்தியவன் அவன். அதற்குப் பிறகு ஒரு ராத்திரியாவது தூங்காமல் புரளவேண்டாமா? ஸ்ட்ரைக்கரைத் தொடும்போது ஒரு தடவையாவது விரல் கூசவேண்டாமா? வெளியே வருகிறான், கல்யாணம் ஆகிறது, குப்பத்துப் பிரச்னை வருகிறது, ஊருக்காக நிற்கிறான், ஊரும் அவனைத் தலைவன் ஆக்கிவிடுகிறது. புண்ணியத்தில் எந்தக் குறையும் இல்லை. பாவத்தைக் கழுவுகிற இடத்தை மட்டும் காணோம்.

இதே மாதிரி ஒரு ஹார்பர், இதே மாதிரி ஒரு பையன் அமெரிக்காவிலும் உண்டு. 1954-இல் எலியா கஸான் எடுத்த ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’. டெர்ரி என்ற பழைய பாக்ஸராக மார்லன் பிராண்டோ. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தை ஒரு ரவுடி பிடித்து வைத்திருக்கிறான். டெர்ரியின் சொந்த அண்ணனே அந்த ரவுடிக்கு வக்கீல், வலதுகை. படத்தின் ஆரம்பத்தில் டெர்ரியை அனுப்பி ஒரு பையனை மொட்டை மாடிக்கு வரவழைக்கிறார்கள். தூண்டில் என்ன தெரியுமா? புறா. ‘உன் புறா என்கிட்ட இருக்கு, வா’ என்கிற மாதிரி கூப்பிடுகிறான். வந்தவனைத் தள்ளிவிட்டுக் கொன்றுவிடுகிறார்கள்.

அங்கே புறா, இங்கே கேரம். இரண்டுமே அந்தப் பையன்கள் மிச்சம் வைத்திருந்த ஒரே நல்ல விஷயம். நம்பிக்கைத் துரோகம் என்றால் இதுதான். எதிரியைக் கத்தியால் குத்துகிறதைவிட, கூட ஆடுகிறவனை ஆட்டத்தாலேயே குத்துகிறது மோசம்.

ஆனால் டெர்ரியை கஸான் லேசில் விடவில்லை. செத்தவனின் தங்கச்சியையே டெர்ரி காதலிக்கும்படி ஆகிறது. அவளிடம் உண்மையைச் சொல்லியே தீரவேண்டும். சொல்லும்போது ஹார்பர் சங்கு ஊதி வார்த்தைகள் நமக்குக் கேட்காது, முகம் மட்டும் தெரியும். தம்பியை விட்டுக்கொடுக்காததற்காக அண்ணனைக் கொன்று கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள். விசாரணைக் கமிஷனில் சாட்சி சொன்ன பிறகு, அவனை ஹீரோவாக நினைத்த சின்னப் பையன் அவன் வளர்த்த புறாக்களை எல்லாம் கழுத்தைத் திருகிப் போடுகிறான். படத்தின் இரண்டாம் பாதி முழுக்க ஃபாலோதான். கஸான் 1952-இல் கம்யூனிஸ்ட் சகாக்களின் பெயர்களை விசாரணையில் சொன்னவர், அந்தக் குற்றத்துக்குத் தனக்குத் தானே நியாயம் தேடித்தான் இந்தப் படத்தை எடுத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். நியாயம் தேடுவதற்கும் முதலில் உறுத்தல் வேண்டும் இல்லையா.

இந்த இடத்தில் ராயபுரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது என்பது க்விஸ் ஆசாமிகள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு எப்படிப் பெயர் வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். செயின்ட் பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பேரில் அங்கே கோயிலும் இருக்கிறது. ராயப்பர் யார்? மீன் பிடித்தவர். தன் குருநாதரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, குளிர்காயும் நெருப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது’ என்று மூன்று தடவை சொன்னவர். சேவல் கூவியதும் வெளியே போய் அழுதவர். பிற்பாடு ஒரு விடிகாலை, கடற்கரையில், சுட்ட மீன் சாப்பிட்டு முடித்ததும் குருநாதர் அவரிடம் ‘என் மேல் அன்பு இருக்கிறதா’ என்று கேட்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மறுத்தது மூன்று என்றால் கேட்பதும் மூன்று. மூன்றாவது தடவை ராயப்பருக்கு மனசு நொந்துபோகிறது. நோகவேண்டும் என்றுதான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

பெயரிலேயே குற்ற உணர்ச்சியும் மன்னிப்பும் இருக்கிற ஊர் அது. அந்த ஊர்ப் பக்கத்துப் பையன்களுக்கு நம் சினிமா எல்லாம் தருகிறது. கோபம் தருகிறது, கத்தி தருகிறது, வீரம் தருகிறது, நல்ல கானா பாட்டும் தருகிறது. உறுத்தலை மட்டும் தருவதில்லை. மனசாட்சியை அண்ணா நகர்க்காரர்களுக்கும் பெசன்ட் நகர்க்காரர்களுக்கும் என்று தனியாக எடுத்து வைத்துவிட்ட மாதிரி.

‘வட சென்னை’ வந்தபோது மீனவர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது ஞாபகம் இருக்கலாம். ராஜனும் சந்திராவும் படகில் நெருக்கமாக இருக்கிற காட்சி மனதைப் புண்படுத்துகிறது என்றார்கள். படகு அவர்களுக்குச் சாமி மாதிரி. எங்களை ரவுடிகளாகவே காட்டுகிறீர்கள் என்ற வருத்தமும் கூடவே இருந்தது. வெற்றிமாறன் மன்னிப்புக் கேட்டு அந்தக் காட்சியை நீக்குவதாகச் சொன்னார். பெரிய மனுஷத்தனம்தான். ஆனால் என் வருத்தம் வேறு. ரவுடியாகக் காட்டுவதுகூடப் பரவாயில்லை, ரவுடிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரவுடிக்கு உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான் இல்லையா, அவனைக் காட்டாமல் விட்டதுதான் அவமரியாதை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த உள் ஆள் ‘வட சென்னை’யில் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறான், ஆனால் அவள். சந்திரா. ஆண்ட்ரியா இதுவரை செய்ததில் இதுதான் உச்சம் என்பேன். புருஷனைக் கொன்றவர்களில் ஒருவனான குணாவையே கட்டிக்கொண்டு, அவனுக்குச் சோறு போட்டு, அவன் பக்கத்தில் படுத்து, வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். ஒருத்தனை வைத்து இன்னொருத்தனை அழிக்கத் திட்டம் போடுகிறாள். விசுவாசம் என்று நாலு ஆண்கள் வாய் கிழியப் பேசுகிற படத்தில், விசுவாசம் என்றால் என்ன விலை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்த முகத்தில் வெறுப்பு தெரிகிறதா, தன் மேலேயே அருவருப்பு தெரிகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழப்பத்தில் பாதியை அன்புக்குக் கொடுத்திருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

முடியாத காரியம் இல்லை. 2021-இல் பா.இரஞ்சித் செய்து காட்டினார். ‘சார்பட்டா பரம்பரை’யில் பாக்ஸர் கபிலன் ஜெயிலுக்குப் போய், சாராயத்தில் விழுந்து, தொப்பை போட்டு, பெண்டாட்டியிடமும் அம்மாவிடமும் முகம் கொடுக்க முடியாமல் ஆகிறான். அப்பா பாக்ஸராக இருந்து ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்தவர். அதே பாதையில் தானும் போனது அவனுக்குத் தெரிகிறது, கூசுகிறது. மறுபடி அவனை மனுஷனாக்குவது யார்? கடற்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு கிழவர். பேர் பீடி ராயப்பன். இரஞ்சித் வேண்டுமென்றே வைத்த பேரோ தற்செயலோ, எனக்குப் புல்லரித்தது.

2024-இல் தனுஷே இயக்கி நடித்த ‘ராயன்’ வந்தது. வடசென்னையேதான், ஆனால் இந்தத் தடவை அண்ணன் நிஜ அண்ணன். அப்பா அம்மா இல்லாமல் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவனைத் தம்பிகளே காட்டிக்கொடுக்கிறார்கள். கேட்கும்போது எவ்வளவு பெரிய விஷயம். படத்தில் அந்தத் தம்பிகள் கூனிக்குறுகும் நேரத்தைவிட ஏ.ஆர்.ரஹ்மான் பின்னணியில் ரத்தம் தெறிக்கிற நேரம்தான் அதிகம். அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

கேரம் என்றதும் இன்னொன்று. வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அன்பு ஆசைப்பட்டு நடக்காமல் போனது இந்தப் பெண்களுக்கு நிஜத்தில் நடந்திருக்கிறது. அந்தப் பலகை அங்கே சினிமாக்காரர்கள் கொண்டுபோய் வைத்தது இல்லை. சந்துக்குச் சந்து மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கிடப்பதுதான். அதனால்தான் அதன் மேல் நடந்த துரோகம் எனக்கு அவ்வளவு உறுத்தியது, அன்புக்கு உறுத்தாவிட்டாலும்.

‘வட சென்னை’யின் உலகத்திலேயே நடக்கிற கதையாக சிம்புவை வைத்து ‘அரசன்’ எடுப்பதாக வெற்றிமாறன் 2025-இல் அறிவித்தார். சிம்பு எப்படிக் கத்தி பிடிப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. அன்புவும், முடமாகிக் கிடக்கிற செந்திலும், நடுவில் ஒரு கேரம் போர்டும். யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்று பார்க்கவேண்டும்.