இணையமும் நகரின் மீள்திறனும்

இணையம் வளர்ந்த நகரம் பொருளாதார இடர்களைத் தாங்கி நிற்கும் என்பது அண்மைக்கால ஆய்வாளர் பலர் கொண்ட முடிபு. அம்முடிபு முற்றும் பிழையன்று. ஆயின் முற்றும் பொருந்துவதுமன்று.

முதற்கண் சொற்பொருள் தெளிதல் வேண்டும். அடி விழுங்கால் அசையாது நிற்பது தாங்குதிறன். விழுந்தபின் எழுவது மீள்திறன். எழுந்தபின் வேறு வழியில் நடக்கக் கற்பது தகவமைதிறன். இம்மூன்றையும் ஒரு சொல்லுள் அடக்கி ஓர் எண்ணால் அளப்பது இவ்வகை ஆய்வுகள் பலவற்றின் முதற்குறை.

அடுத்தது காரணகாரிய மயக்கம். சீன அரசு 2014 முதல் 2016 வரை அகலக்கற்றை இணையத் திட்டத்திற்கு முன்னோடி நகரங்களைத் தேர்ந்தது. அந்நகரங்களைப் பிற நகரங்களோடு ஒப்பிட்டே பல ஆய்வுகள் எழுந்தன. அவை சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்ட நகரங்கள் அல்ல. வளமும் ஆயத்தமும் உடைய நகர் முன்னரே வலிமை பெற்றிருக்குமாயின், அவ்வலிமையை இணையம் தந்தது என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனிச் சிங்கப்பூரை நோக்குக. 1981-இல் தேசியக் கணினி வாரியம் தோன்றியது. 1989-இல் வாணிக அனுமதிகளைக் கணினிவழி வழங்கும் டிரேட்நெட் இயங்கத் தொடங்கியது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமி முறியடிப்புக்காக நகர் அடங்கியபோது, அலுவலகப் பணியாளர் பலர் வீட்டிலிருந்தே பணி செய்தனர். இணையத்தின் பயன் ஈண்டுக் கண்கூடு. ஆயின் கட்டுமானத் தொழிலாளர்க்கு அவ்வழி இல்லை. சுவரை வீட்டிலிருந்து எழுப்ப இயலாது. உணவங்காடிக் கடைக்காரர் பலர்க்கோ இணைப்பு எட்டியும் பழக்கம் எட்டவில்லை. அதனாலன்றோ அவ்வாண்டிலேயே அவர்க்கும் முதியோர்க்கும் கற்பிக்க மின்னிலக்கத் தூதர்கள் அமர்த்தப்பட்டனர்! கம்பி செல்லும் தொலைவு வேறு, கல்வி செல்லும் தொலைவு வேறு என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு வினாவும் உண்டு. தாங்கும் தூணே சாய்ந்தால் என் செய்வது? 2006 டிசம்பர் 26-இல் தைவானின் தென்கடல் நிலநடுக்கம் கடலடிக் கம்பிகளை அறுக்க, ஆசிய நகரங்கள் பலவற்றில் இணையம் தளர்ந்தது. 2023 அக்டோபர் 14-இல் சிங்கப்பூரில் தரவு மையமொன்றின் குளிர்விக்கும் அமைப்பு பழுதுற, இரு வங்கிகளின் சேவைகள் பல மணி நேரம் தடைப்பட்டன. எல்லாப் பணியும் ஒரே வழியிற் செல்லும் நகரில் அவ்வழி அடைபடுவதே புதிய இடராகும்.

ஆதலின் இணைப்புகளை எண்ணுவதோடு ஆய்வு அமைதல் ஆகாது. இணைப்பைப் பயன்கொள்ளத் தெரிந்தோர் எத்துணைப் பேர், இணைப்பு அறுந்த நாளில் நடந்த வாணிகம் எத்துணை என்னும் இரண்டையும் அளந்த பின்னரே நகரின் மீள்திறன் பற்றி உறுதியாக உரைத்தல் கூடும்.